பூனைக்கு மாட்டு மருந்து கொடுக்கலாமா?

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு மடிநோய், சினை நிற்காமை, ஆட்டுக் கழிச்சல் என்றுதான் கேள்விகள் வரும். இந்த இரண்டு வாரத்தில் வந்த கடிதங்களில் ஐந்து, பூனையைப் பற்றியவை. ஐந்திலும் ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் மருந்தின் பெயர் இருக்கிறது. அதனால் மாட்டையும் ஆட்டையும் இந்த இதழுக்கு மட்டும் கொஞ்சம் ஓரமாகக் கட்டிவிட்டு, பக்கம் முழுவதையும் பூனைக்கே கொடுத்திருக்கிறேன். நெல் மூட்டை, விதைக்கடலை, கோழித் தீவனம் எல்லாம் அடுக்கியிருக்கிற வீட்டில் ஒரு நல்ல எலிப்பூனை செய்கிற வேலை என்னவென்று, அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் கடுவன் பூனை பக்கத்துத் தோட்டத்துப் பூனையோடு சண்டை போட்டுவிட்டு வந்தது. மூன்று நாள் கழித்து வாலடியில் முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. சாப்பிடாமல் படுத்தே கிடக்கிறது, உடம்பு கொதிக்கிறது. மாட்டுக்கு வாங்கிய ஸ்ட்ரெப்டோ-பென்சிலின் ஊசி மருந்தில் பாதி மிச்சம் இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டதற்கு அமாக்சிசிலின் கேப்சூலும் பாராசிட்டமால் மாத்திரையும் கொடுத்தார்கள். இவற்றில் எதை, எவ்வளவு கொடுக்கலாம்?
*மணப்பாறை வாசகர்*

மூன்றும் வேண்டாம். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டேன். பூனையைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சீழ் எடுத்தாயிற்று, இப்போது சாப்பிடுகிறது என்று தகவலும் வந்தது. மற்ற வாசகர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பாராசிட்டமால். இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவதற்கு வேண்டிய நொதி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. நமக்கு ஒரு வேளைக்கு எழுதுகிற 500 மி.கி. மாத்திரை ஒன்று, வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும். பாதி மாத்திரையே உயிருக்கு ஆபத்துதான். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். ஈறு சாம்பல் நிறமாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால் 'என்ன ஆகிறது பார்ப்போம்' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். இதற்கு முறிவு மருந்து உண்டு. ஆனால் மணிக்கணக்கில் தாமதமானால் அதன் பலனும் குறைந்துகொண்டே போகும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் பூனைக்கு ஆகாதவை. சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுத்துவிடும்.

'உடம்பு கொதிக்கிறது' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல ஆரோக்கியமான பூனையின் உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். காய்ச்சல் இருக்கிறதா என்பதை வெப்பமானி வைத்துத்தான் சொல்ல முடியும். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது வீக்கம். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. கடித்த இடத்தில் சின்னத் துளைதான் விழும். ரோமத்துக்குள் அது கண்ணுக்கே தெரியாது. மேல்தோல் ஒன்றிரண்டு நாளில் மூடிக்கொள்ளும், பல்லோடு உள்ளே போன கிருமி உள்ளேயே தங்கிவிடும். இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் சீழ் கட்டும். பூனையின் வாயில் இருக்கிற கிருமிகளில் முக்கியமானது பாஸ்டுரெல்லா. மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போடுகிறோமே, அந்தத் தொண்டை அடைப்பான் நோயைக் கொடுப்பதும் இந்தக் கிருமிதான்.

சீழ் நிறைந்த பைக்குள் ரத்த ஓட்டம் இருக்காது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் எவ்வளவு வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்தாலும், சீழை எடுக்காவிட்டால் கட்டி அடங்கின மாதிரி அடங்கி மறுபடியும் கிளம்பும். மருத்துவர் மயக்கமருந்து கொடுத்துக் கீறி, சீழை வெளியேற்றி, உள்ளே கழுவி, வாய் உடனே மூடிக்கொள்ளாதபடி விடுவார். வைத்தியத்தில் முக்கால் பங்கு அதுதான். நன்றாக வடிந்து, காய்ச்சலும் இல்லாமல், மறுநாளே சாப்பாட்டைத் தேடுகிற பூனைக்கு 'ஆன்டிபயாடிக்கே வேண்டாம்' என்று அவர் சொல்லவும் கூடும். ஊசி போடாத மருத்துவரை மருத்துவர் என்றே ஒப்புக்கொள்ளாத வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மாட்டு வைத்தியத்திலும் இதைப் பார்க்கிறேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். வேறு கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

இனி அந்த மாட்டு ஊசி மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின் அளவு மீறினால் காதையும் உடம்பின் நிதானத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். பூனை இந்த வகை மருந்துகளைத் தாங்குவதில் பலவீனமானது. அளவு மீறாமல் போடுவோம் என்றால் அதுவும் நடக்காது. முந்நூறு, முந்நூற்றைம்பது கிலோ மாட்டை மனதில் வைத்துச் செய்த குப்பி அது. உங்கள் பூனை 3 கிலோ இருக்கும். நூறில் ஒரு பங்கு மருந்தை எந்த சிரிஞ்சில் அளப்பீர்கள்? போதாக்குறைக்கு, கரைத்து வைத்த மருந்து நாள்பட நாள்பட வீரியம் இழக்கும். பலமுறை ஊசி குத்திய ரப்பர் மூடி வழியாகக் கிருமியும் உள்ளே போயிருக்கும்.

அமாக்சிசிலின் விஷயம் வேறு. அது பூனைக்கும் எழுதுகிற மருந்துதான். கடிச் சீழுக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் 3 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு மருத்துவர்கள் எழுதுவது சில பத்து மில்லிகிராம்தான். உங்களிடம் இருக்கிற கேப்சூல் 500 மி.கி. அதைப் பிரித்து, வெள்ளைப் பொடியைக் கத்தி முனையால் பத்துப் பங்காகப் போட்டால் ஒரு பங்கு இன்னொரு பங்கைப் போல இருக்காது. கடைக்காரர் கொடுத்தது மருந்தின் பெயர் மட்டும். எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்ற மூன்றும் இல்லாமல் அந்தப் பெயரால் பயன் இல்லை.

ஆன்டிபயாடிக் அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்கு அடையாளம் அது. 2016-இல் மத்திய அரசு இதைப் பற்றி விளம்பரமே செய்தது. சில வீரியமான ஆன்டிபயாடிக் மருந்துகளை எச்-1 என்ற தனிப் பட்டியலில் சேர்த்து, விற்ற விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் 2014 மார்ச் முதல் இருக்கிறது. பூனைக்கு என்று சொல்லி வாங்கினாலும் சட்டம் அதேதான்.

மருத்துவரிடம் போகும்போது பூனையின் எடை தெரிந்திருந்தால் நல்லது. கோழி எடை போடுகிற தொங்கு தராசு இருந்தால் கனமான துணிப்பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் பூனையைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் நிறுக்கிற தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் அந்த அட்டையையோ குப்பியையோ கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார் என்று மறைத்தால் நஷ்டம் பூனைக்கு. சினைப்பூனையா, குட்டிக்குப் பால் கொடுக்கிறதா, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் வயிற்றில் இருக்கும் குட்டியையும், வளரும் குட்டியின் பல்லையும் பாதிக்கக்கூடியவை. சொன்னால்தான் அவர் வேறு மருந்தை யோசிப்பார். திரும்பும்போது சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எந்தத் தொந்தரவு வந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

வழியிலேயே கட்டி உடைந்துவிட்டால், ஒரு டம்ளர் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவுங்கள். அவ்வளவுதான். மாட்டுப் புண்ணில் புழுவுக்கு ஊற்றுகிற டர்பன்டைன், கற்பூரத் தைலம், பினாயில் எதுவும் பூனை மேல் படக் கூடாது. பூனை நாள் முழுக்க உடம்பை நக்குகிற பிராணி. மேலே தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். உண்ணிக்கு மாட்டின் மேல் அடிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரினும் பூனைக்கு விஷம். வலிப்பு வந்து செத்துப்போகும்.

கடைசியாக ஒன்று. வலியில் இருக்கிற பூனை வளர்த்தவரையே கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் பூனை வழியாகவும் வரும். அதோடு, மேலே சொன்ன அதே பாஸ்டுரெல்லா ஒரே நாளில் கையை வீங்க வைத்துவிடும். இந்த இரண்டும் மஞ்சள் வைத்துக் கட்டுகிற காயம் அல்ல.

கேள்வி: எங்கள் பூனைக்கு மூக்கடைத்து, கெட்டியான சளி வந்ததால் மருத்துவர் பத்து நாளைக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாயில் வைத்தால் நுரை நுரையாகத் துப்புகிறது. பாலில் பொடித்துப் போட்டால் பாலைத் தொடுவதே இல்லை. நான்கு நாளில் தும்மல் குறைந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?
*கோபிசெட்டிபாளையம் வாசகி*

நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கசப்புக்குத்தான் அப்படி நுரை தள்ளும்.

பால் குடிக்காமல் போனது ஒருவகையில் நல்லதுதான். டாக்சிசைக்ளின் மாதிரி மருந்துகள் பாலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் சேருகிற அளவு குறைந்துவிடும். தயிர், மோரும் அப்படியே. மருந்து கொடுத்தோம் என்ற திருப்தி நமக்கு இருக்கும், கிருமிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உணவில் மறைத்துக் கொடுக்கலாமா, பொடிக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். சரி என்றால், முள் எடுத்து வேகவைத்த மத்தி மீனிலோ கோழிக்கறித் துணுக்கிலோ வைத்துக் கொடுங்கள். முதலில் மருந்து இல்லாத துணுக்கு ஒன்று, பிறகு மருந்து வைத்தது, உடனே மருந்து இல்லாதது இன்னொன்று. மூன்றாவதைப் பார்த்த அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடும்.

இந்த மருந்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பலருக்குத் தெரியாது. பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை எளிதாகச் சிக்கி நின்றுவிடும். டாக்சிசைக்ளின் நின்ற இடத்தை அரித்துப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கும். நோய் சரியான இரண்டு மூன்று வாரத்தில் பூனை தின்றதை எல்லாம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். வெறும் மாத்திரையாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். கொடுத்த கையோடு ஊசி இல்லாத சிரிஞ்சில் 5, 6 மி.லி. தண்ணீர் புகட்டுங்கள். வாயின் ஓரத்தில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே சிரிஞ்ச் முனையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, அது நக்கி விழுங்க விழுங்க விடவேண்டும். ஒரே அழுத்தாக அழுத்தினால் நுரையீரலுக்குப் போய்விடும். அதன் பிறகு ஒரு வாய் சாப்பாடும் கொடுத்துவிடுங்கள்.

மாத்திரையை வாயில் போடுவதற்கு இரண்டு பேர் இருந்தால் சுலபம். பெரிய துண்டை விரித்து, நடுவில் பூனையை உட்காரவைத்து, முன்னங்கால் வெளியே வராதபடி கழுத்து வரை சுற்றுங்கள். பின்பக்கமாக அணைத்துப் பிடித்து, தலையின் மேல் கைவைத்துக் கடைவாய் இரண்டையும் இரு விரலால் பிடித்து மெதுவாக அண்ணாந்து பார்க்க வையுங்கள். கீழ்த்தாடை தானாகவே தளரும். மற்றக் கையால் மாத்திரையை நாக்கின் அடிப்பகுதியில், எவ்வளவு பின்னால் முடியுமோ அவ்வளவு பின்னால் போட்டு, வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் விட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். நமக்குக் கோபம் வந்தால் பூனைக்குத் தெரிந்துவிடும், பிறகு பரண் மேலிருந்து இறங்காது. திரவ வடிவில் மருந்து கிடைக்குமா என்றும் கேட்டுப்பாருங்கள்.

நிறுத்துவதைப் பற்றி: நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீங்களாக நீட்டிக்கவும் கூடாது. தும்மல் நின்றதைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அவர் பத்து நாளும் கொடுக்கச் சொல்லலாம், முன்னாலேயே போதும் என்றும் சொல்லலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் அதை மட்டும் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்த சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். லேசாகக் கழிந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சாப்பிடுவதையே நிறுத்தினால், காரணம் நோயோ மருந்தோ, இரண்டாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். நாய் நான்கு நாள் பட்டினி தாங்கும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து வேறு நோயில் விழுந்துவிடும்.

கேள்வி: நாட்டுக்கோழிக்குச் சளி வந்தபோது வாங்கிய என்ரோஃப்ளாக்சசின் 10 சதவிகிதத் திரவ மருந்து வீட்டில் இருக்கிறது. இப்போது பூனைக்குட்டிகள் நான்கும் தும்முகின்றன, கண்ணில் பீளை தள்ளுகிறது. குட்டிக்கு ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். விடலாமா?
*நாமக்கல் மாவட்ட வாசகர்*

ஒரு சொட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 சதவிகிதம் என்றால் 1 மி.லி.யில் 100 மி.கி. மருந்து. 1 மி.லி.க்கு ஏறக்குறைய 20 சொட்டு. ஆக ஒரு சொட்டில் 5 மி.கி. ஒன்றரை மாதக் குட்டி அரைக் கிலோ இருக்கும். பூனைக்கு இந்த மருந்தில் ஒரு நாளைக்குத் தாண்டக் கூடாத எல்லை, கிலோவுக்கு 5 மி.கி. உங்கள் குட்டிக்கு அது இரண்டரை மி.கி. 'ஒரே ஒரு சொட்டு' விட்டாலே எல்லையைப் போல் இரண்டு மடங்கு.

மீறினால் என்ன ஆகும் என்றால், கண் போகும். உருவகமாகச் சொல்லவில்லை. விழித்திரை அழிந்து பூனை குருடாகும். பெரும்பாலும் திரும்பி வராது. கோழிக்கும் மாட்டுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. பூனைக்கு மட்டும் விழித்திரையில் இந்த மருந்தைத் தடுத்து நிறுத்துகிற காவல் குறைவு. மேலும் இது கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் செய்த திரவம். கலக்காமல் வாயில் விட்டால் வாயே எரியும்.

இதையெல்லாம் விடுங்கள், அந்தக் குட்டிகளுக்கு ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. குட்டிகள் கூட்டமாகத் தும்மினால் பெரும்பாலும் அது வைரஸ் வேலை. ஹெர்பிஸ் வைரஸ், கலிசி வைரஸ் என்று இரண்டு முக்கியமானவை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பின்னால் பாக்டீரியா வந்து குடியேறும்போதுதான் மருந்துக்கு வேலை வருகிறது. மூக்கில் தண்ணீராக ஒழுகி, நன்றாகச் சாப்பிட்டு, விளையாடிக்கொண்டிருக்கிற பூனையை ஒரு வாரம், பத்து நாள் வரை மருந்தில்லாமல் கவனித்துப் பார்க்கலாம் என்பதுதான் இன்று மருத்துவர்கள் பின்பற்றும் முறை.

அதுவரை செய்ய வேண்டியவை எல்லாம் பாட்டி வைத்தியம் மாதிரிதான் இருக்கும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சு நனைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சாக, பீளையைத் துடையுங்கள். மழைச்சாரல் படாத இடத்தில் சாக்கு விரித்து வெதுவெதுப்பாக வையுங்கள். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது, மணம் தெரியாத பூனை சாப்பிடாது. அதனால் மீனைச் சூடாக்கி, மணம் கிளம்ப வையுங்கள். மனிதருக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், கருவிழியில் புண் இருக்கும் குட்டிக்கு அது பெருங்கேடு.

எப்போது ஓட வேண்டும்? சளி மஞ்சளாக, பச்சையாகக் கெட்டியானால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், கண் திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டால், ஒரு நாள் தாயிடம் பால் குடிக்காவிட்டால். குட்டிகளுக்குப் பெரிய பூனையைப் போல நாள் கொடுக்க முடியாது. அன்றே கொண்டுபோக வேண்டும். நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறீர்கள், கால்நடை மருத்துவக் கல்லூரியே பக்கத்தில் இருக்கிறது. தேறிய பிறகு தடுப்பூசியையும் கேளுங்கள். எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் ஆகும் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். இந்த இரண்டு வைரஸோடு, குட்டிகளை வாந்தியும் கழிச்சலுமாகக் கூண்டோடு கொண்டுபோகிற பான்லூக்கோபீனியாவுக்கும் அதுவே காப்பு.

கேள்வி: மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலைக் கெடு முடியும் வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஊற்றுவதில்லை. வீணாக்க மனமில்லாமல் அந்தப் பாலைப் பூனைகளுக்கு வைக்கிறோம். ஒன்றும் ஆகவில்லை. சரிதானே?
*உசிலம்பட்டி வாசகி*

சொசைட்டிக்கு ஊற்றாமல் இருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் பூனைக்கும் வேண்டாம்.

அந்தப் பாலில் இருப்பது, நோயைக் குணப்படுத்தப் போதாத அளவு ஆன்டிபயாடிக். பூனையின் குடலில் லட்சோப லட்சம் கிருமிகள் இருக்கின்றன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே போனால், மருந்துக்குச் சாகக்கூடியவை செத்து, சாகாதவை தங்கிப் பெருகும். களைக்கொல்லியை அளவு குறைத்து அடித்துக்கொண்டே இருந்தால் சாகாத களை மட்டும் வயல் முழுக்க நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான். பூனை எங்கே படுக்கிறது? அடுப்படியில், நெல் குதிர் மேல், பிள்ளைகளின் மடியில். அதன் குடலில் வளர்ந்த கிருமி எங்கெல்லாம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு அந்தப் பூனைக்கோ, வீட்டில் ஒரு குழந்தைக்கோ காயம் சீழ்பிடித்தால், சாதாரண மருந்து கேட்காமல் போகலாம்.

இது புதிதாக யாரோ கிளப்பிய பயம் இல்லை. 1928-இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டார். நம் நாட்டு மருத்துவச் சங்கங்கள் 2012-இல் சென்னையில் கூடி இதைப் பற்றி ஒரு பிரகடனமே வெளியிட்டன. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கோலிஸ்டின் மருந்தைக் கோழி, மாடு போன்ற உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது. பழைய தீவனப் பொட்டலத்திலோ மருந்துப் பொட்டலத்திலோ அந்தப் பெயர் இருந்தால் தொடாதீர்கள்.

'ஒன்றும் ஆகவில்லை' என்கிறீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் சுத்தமான பாலே செரிக்காது, அடிக்கடி இளகலாகப் போகும். கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தால் போதும். மருந்துப் பாலைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, நாயோ கோழியோ கிளறாத இடத்தில் குழி தோண்டி ஊற்றி மூடிவிடுங்கள்.

கேள்வி: போன மாதம் பூனைக்குக் காயம் பட்டபோது எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை நான்கு மிச்சம் இருக்கிறது. இப்போது அதே கடுவனுக்கு நீர்க்கடுப்பு. அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுக்கூட வரவில்லை, கத்துகிறது. மிச்ச மாத்திரையைக் கொடுக்கலாமா?
*தென்காசி வாசகர்*

கொடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்குப் பதில் பூனையைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். நல்லவேளையாகத் தொலைபேசி எண் எழுதியிருந்தீர்கள். உங்களிடம் பேசியாயிற்று, ஆகவே இது மற்றவர்களுக்கு.

கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால், பெரும்பாலும் குறியின் நுனியில் மணல் மாதிரி உப்போ சளிக்கட்டியோ அடைத்திருக்கும். கடுவனுக்கு அந்தக் குழாய் மிகவும் குறுகல். இளவயதுப் பூனைகளில் நீர்க்கடுப்புக்குக் கிருமி காரணமாக இருப்பது அபூர்வம். எனவே ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. அடைத்த சிறுநீர் வெளியேறாமல் ரத்தத்தில் உப்பு ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் அமுக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்துவிடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுகிறவர்களும் உண்டு, அதுவும் கூடாது. இரவானாலும் மருத்துவரைத் தேடிப் போக வேண்டும். குழாய் செருகி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அந்த நான்கு மாத்திரை ஏன் மிஞ்சியது என்றும் உங்களிடம் கேட்டேன். காயம் ஆறிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன் என்றீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சாணிக்குழியில் போட வேண்டாம்.